கல்கி எழுதியதும் திரையில் கண்டதும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை. மேடையில் பேசியதை மலருக்காகக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதித் தந்திருக்கிறேன்.)



செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "அரை மணி நேரம் பேசு தம்பி. ஆனா வேலைவாய்ப்பு, தன்னம்பிக்கை எதுவும் வேண்டாம், அதுக்கு வேற ஆள் போட்டாச்சு" என்றார். நமக்குத் தெரிந்தது கான்கிரீட், கம்பி, சென்ட்ரிங். அதைப் பேசினால் முதல் வரிசையே எழுந்து போய்விடும். அதனால் சின்ன வயதிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். சரித்திர நாவலைச் சினிமாவாக எடுக்கிறார்களே, மூலத்துக்கு எவ்வளவு உண்மையாக இருக்கிறார்கள் என்பதுதான் அது.

இது எனக்கு வெறும் பொழுதுபோக்கு விவாதம் இல்லை. ஒரு காரணம் இருக்கிறது. நண்பர் ஒருவரின் மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள், கெட்டிக்காரப் பிள்ளை. சோழர் வரலாறு பற்றிய பரீட்சையில், ஆதித்த கரிகாலனின் சாவுக்குக் காரணம் நந்தினி என்று எழுதிவிட்டு வந்தாள். டீச்சர் சுழித்துவிட்டார். பிள்ளைக்கு ஒரே கோபம். "நான்தான் தியேட்டர்ல பார்த்தேனே அங்கிள்" என்கிறாள். நந்தினி என்ற பெண் எந்தக் கல்வெட்டிலும் கிடையாது, அவளைப் படைத்தவர் கல்கி என்று நான் சொன்னபோது அந்தக் குழந்தையின் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சரித்திரம் ஒன்று, நாவல் ஒன்று, படம் ஒன்று என மூன்று தனித்தனிச் சரக்கு இருக்கிறது. நாம் மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறோம்.

பொருளுக்குள் போவதற்கு முன்னால் நம்ம ஊர்ப் பெருமை கொஞ்சம். பொறுத்துக்கொள்ளுங்கள். கல்கி தஞ்சை ஜில்லாக்காரர் என்றாலும் அவருக்கும் இந்த மண்ணுக்கும் பந்தம் உண்டு. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ராஜாஜி நடத்திய காந்தி ஆசிரமத்தில், 1929-30 வாக்கில் 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகையில் வேலை பார்த்தவர் அவர். நாமக்கல் ரோட்டில் போகும்போது பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரிகிறதே பொய்மான் கரடு, தூரத்திலிருந்து மான் மாதிரி, கிட்டே போனால் வெறும் பாறை, அதையே தலைப்பாக வைத்து அவர் எழுதிய கதை 1954-ல் 'பொன்வயல்' என்று படமாக வந்தது. அதே 1954-ல், நம் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞரின் 'மலைக்கள்ளன்' எம்.ஜி.ஆர். நடித்துப் படமாகி, பிறகு தெலுங்கு, இந்தி, கன்னடம், மலையாளம், சிங்களம் வரைக்கும் போயிற்று. சேலம் ஏற்காடு சாலையில் நுழைவு வளைவு மட்டும் மிச்சமாக நிற்கிற மாடர்ன் தியேட்டர்ஸைச் சொல்லவே வேண்டாம். சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' 1891-ல் வந்த நாடக நூல், படிப்பதற்கென்று எழுதியது. அதைத் துணிச்சலாக எடுத்து 1942-ல் 'மனோன்மணி' என்று வெற்றிப்படமாக்கினார் டி.ஆர். சுந்தரம். ஆகவே எழுத்திலிருந்து படம் எடுக்கிற வித்தை நமக்குப் புதுசு இல்லை.

சரித்திர நாவலுக்கு வருவோம். மூலத்தை விட்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன். அகிலன் எழுதிய நாவலின் பெயர் 'கயல்விழி'. கதாநாயகியின் பெயர்தான் தலைப்பு. அதை வைத்து எம்.ஜி.ஆர். எடுத்த படம் 1978 பொங்கலுக்கு வந்தது. பெயர் என்ன? 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்'. கயல்விழி போய்ச் சுந்தரபாண்டியன் வந்துவிட்டார்! அவர் முதலமைச்சராகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் கதை யாரைச் சுற்றிப் போக வேண்டும் என்பதை அகிலனா முடிவு செய்ய முடியும்? நான் கேலி பண்ணவில்லை. ஒரு நட்சத்திரம் உள்ளே வந்தால் கதையின் எடை அந்தப் பக்கம் சாயும். இது எந்த நாட்டுச் சினிமாவிலும் உள்ளதுதான்.

'பார்த்திபன் கனவு' வேறு மாதிரிச் சிக்கல். 1941-லிருந்து தொடராக வந்த கதை. 1960-ல் ஜெமினி கணேசன், வைஜயந்திமாலா, ரங்கராவ் நடித்துப் படமாக வந்தது. அந்தக் கதையில் ஒரு சிவனடியார் வருவார். அவர் யார் என்பதைக் கல்கி கடைசி வரை மூடி மூடி வைத்திருப்பார். படிக்கிறவனுக்குச் சந்தேகம் வரும், போகும், மறுபடி வரும். எழுத்தில் இது சாத்தியம், ஏனென்றால் எழுத்தில் முகம் கிடையாது. சினிமாவில்? எவ்வளவு தாடி ஒட்டினாலும், எவ்வளவு திருநீறு பூசினாலும், நம்ம ஆள் பின் சீட்டிலிருந்து "இது அவர்தாண்டா" என்று கத்திவிடுவான். இதில் டைரக்டரின் குற்றம் ஒன்றும் இல்லை. கேமரா என்கிற கருவிக்கு ரகசியம் காக்கத் தெரியாது. ஒரு நாவலில் சிலது எடுக்க எடுக்க வரும். சிலது அந்த மண்ணோடு ஒட்டியது, வேரோடு பிடுங்கினாலும் வராது.

இனி 'பொன்னியின் செல்வன்'. உங்களில் பாதிப் பேர் இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது!

1950 அக்டோபர் 29-ல் கல்கி பத்திரிகையில் தொடங்கி 1954 மே 16 வரை, மூன்றரை வருஷம் வாராவாரம் வந்த கதை. முடித்த அதே வருஷம் டிசம்பர் 5-ல் கல்கி காலமாகிவிட்டார். எம்.ஜி.ஆர். 1958-ல் படமாக எடுப்பதாக அறிவித்தார். பிற்காலத்தில் 'முள்ளும் மலரும்' எடுத்த மகேந்திரன், இளைஞராக இருந்தபோது எம்.ஜி.ஆருக்காக இதற்குத் திரைக்கதை எழுதியிருக்கிறார். அது நடக்கவில்லை. பிறகு கமல்ஹாசன் முயன்றார். அதுவும் நடக்கவில்லை. கடைசியில் மணிரத்னம் இரண்டு பாகமாக, 2022 செப்டம்பர் 30-லும் 2023 ஏப்ரல் 28-லும் கொண்டுவந்தார். அவரோடு சேர்ந்து எழுதியவர்கள் ஜெயமோகனும் இளங்கோ குமரவேலும். இந்தக் குமரவேல், 1999-ல் மேஜிக் லேண்டர்ன் குழு சென்னையில் இதை மேடை நாடகமாகப் போட்டபோதே நாடகமாக்கி எழுதியவர். கதையை அறியாதவர்கள் கையில் அது சிக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நம்ம தொழில் புத்தியில் ஒரு கணக்குப் போட்டேன். ஐந்து பாகமும் சேர்த்துப் பல பதிப்புகளில் இரண்டாயிரத்துச் சொச்சம் பக்கம். 2,200 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு படமும் சேர்த்துச் சுமார் ஐந்தரை மணி நேரம், அதாவது 19,800 விநாடி. வகுத்துப் பார்த்தால் பக்கத்துக்கு ஒன்பது விநாடி! ஒன்பது விநாடியில் வந்தியத்தேவன் குதிரை விட்டு இறங்கக்கூட முடியாது. ரஷ்யாவில் டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலை அறுபதுகளில் பொந்தார்ச்சுக் நான்கு பாகமாக, சுமார் ஏழு மணி நேரம் எடுத்தார். சோவியத் அரசாங்கமே பின்னால் நின்றது, படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் வந்து நடித்தார்கள். அதிலும் வெட்டாமல் முடியவில்லை. ஆகவே "வெட்டிவிட்டார்கள்" என்று அழுவதில் அர்த்தமே இல்லை. எதை வெட்டினார்கள் என்பதுதான் கேள்வி.

நாங்கள் கட்டடம் கட்டுகிறவர்கள். வரைபடம் ஒன்று இருக்கும். சைட்டில் இறங்கினால் அது அப்படியே வராது. பாறை வரும், ஊற்று வரும், வீட்டுக்காரரின் மாமியார் வருவார். மாற்றித்தான் ஆகவேண்டும். முடிந்த பிறகு, உண்மையில் எப்படிக் கட்டினோம் என்று இன்னொரு வரைபடம் போடுவோம். மாற்றம் தப்பே இல்லை. ஆனால் தடுப்புச் சுவரை எடுக்கலாம்; தூணை எடுக்க வேண்டுமென்றால் அந்தப் பாரத்தைத் தாங்க வேறொன்று வைத்தாக வேண்டும். நாவலில் எது தடுப்புச் சுவர், எது தூண்?

முதலில் நல்லதைச் சொல்கிறேன். கல்கி பக்தர்கள் என் மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை. நாவலில் ஒளிந்திருந்து ஒட்டுக் கேட்பது கொஞ்சம் அதிகம். தூணுக்குப் பின்னால், புதருக்குப் பின்னால், சுரங்கப் பாதையில், மரக்கிளையில். யாராவது இரண்டு பேர் பேசினால் மூன்றாவது ஆள் கட்டாயம் கேட்டுக்கொண்டிருப்பான். வாராந்தரத் தொடர், அடுத்த வாரம் வாசகர் வாங்க வேண்டும், அதற்கு ஒரு முடிச்சு வேண்டும். போன வாரம் நடந்ததையும் நினைவுபடுத்த வேண்டும். படத்துக்கு இந்த நிர்ப்பந்தம் இல்லை. அதையெல்லாம் கழித்ததில் எனக்கு நஷ்டம் எதுவும் தெரியவில்லை. ஆதித்த கரிகாலன், நந்தினி இருவரின் இளவயதுக் கதை நாவலில் பெரும்பாலும் பேச்சிலேதான் வரும். இரண்டாம் படம் அதை நேராகக் கண்முன் காட்டித் தொடங்குகிறதே, அது கல்கி வைத்த விதையிலிருந்து முளைத்ததுதான். என் கணக்கில் இரண்டு படத்திலும் அதுதான் சிறந்த பகுதி.

இனி தூண் விஷயம். கடம்பூர் மாளிகையில் கரிகாலன் இறக்கிற இடம். கல்கி அங்கே வேண்டுமென்றே விளக்கை அணைத்துவிடுகிறார். யார் கை, யார் கத்தி என்று நிச்சயமாகத் தெரியாது. ஏன் அணைத்தார்? சரித்திரமே அங்கே இருட்டாக இருக்கிறது. காட்டுமன்னார்கோயிலில் உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டியது. பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயர் சொல்லி, அவர்களும் உறவினரும் வைத்திருந்த நிலத்தைப் பறித்ததைப் பதிவு செய்கிறது. எதற்காகக் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்று கல் சொல்லவில்லை. நீலகண்ட சாஸ்திரியாரையும் சதாசிவப் பண்டாரத்தாரையும் படித்துவிட்டு எழுதியவர் கல்கி. கல்வெட்டு நிற்கிற இடத்தில் தானும் நின்றுகொண்டார். படம் அந்த இருட்டுக்கு விளக்குப் போட்டு, இரண்டு பேருக்கும் நடுவே நடந்ததைக் காட்டிவிடுகிறது. காட்சியாகப் பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எழுதிய விடை அந்த விளக்கிலிருந்துதான் வந்தது.

இப்போது ஒரு வேடிக்கையைப் பாருங்கள். நாவலில் மதுராந்தகன் விஷயம் பெரிய முடிச்சு. செம்பியன் மாதேவியின் உண்மையான பிள்ளை, தஞ்சையில் கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கும் சேந்தன் அமுதன். இறந்து பிறந்ததாக நினைத்து அப்புறப்படுத்தப்பட்ட குழந்தை உயிரோடு வளர்ந்திருக்கிறது. அரண்மனையில் வளர்ந்தவனோ வேறொருத்தி பெற்ற பிள்ளை. கடைசியில் அருள்மொழி தன் தலைக்கு வந்த மகுடத்தைச் சேந்தன் அமுதன் தலையில் வைக்கிறான். ஐந்தாம் பாகத்துக்குத் 'தியாக சிகரம்' என்று பெயர் வைத்ததே அதற்காகத்தான். படத்தில் இந்தக் குழந்தை மாற்றமே கிடையாது. ராஜ்யம் கேட்டுச் சண்டை பிடித்த மதுராந்தகனுக்கே மகுடம் போகிறது.

எங்கள் வாசகர் வட்டத்தில் இதற்காக அடிதடி நடக்காத குறை. "கல்கிக்குத் துரோகம்" என்றார் ஒருவர். ஆனால் சரித்திரம் என்ன சொல்கிறது? கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த உத்தம சோழர் சுமார் 970 முதல் 985 வரை ஆண்டார். திருவாலங்காட்டுச் செப்பேடு, குடிகள் விரும்பியும் சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை தனக்கு நாடு வேண்டாம் என்று அருள்மொழி ஒதுங்கி நின்றதாகச் சொல்கிறது. குழந்தை மாற்றம் முழுக்கக் கல்கியின் கற்பனை. ஆக, நாவலை விட்டு விலகிய இடத்தில் படம் செப்பேட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டது! மூலத்துக்கு விசுவாசம் என்று நாம் சொல்கிறோமே, எது மூலம்? கல்கியா, கல்லா?

என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், சரித்திரப்படி படம் சரி. மனசுப்படி நாவல் சரி. ஆசைப்பட்டவனுக்கு விட்டுக்கொடுப்பது ராஜதந்திரமாகக்கூட இருக்கலாம். ஆசையே இல்லாத ஒரு பூக்காரப் பையனைத் தேடிப் பிடித்து, "இது உன்னுடையது" என்று கொடுப்பது வேறு ஜாதி தியாகம். படகுக்காரி பூங்குழலி சோழ நாட்டு ராணியாகிற அதிசயமும் அதோடு போய்விட்டது.

அடுத்தது மணிமேகலை. எங்கள் அம்மா இரண்டாம் படம் முடிந்து வெளியே வந்ததும் முதல் கேள்வி: "ஏண்டா, மணிமேகலை எங்கே?" நான், "அம்மா, நேரம் பத்தாது, எடுத்துட்டாங்க" என்றேன். "அவளை எடுத்துட்டா அப்புறம் கதை எதுக்கு?" என்றார். வீடு வந்து சேரும்வரை வேறு பேச்சே இல்லை. கடம்பூர் சம்புவரையர் வீட்டுப் பெண். வந்தியத்தேவன் மேல் உயிரை வைத்து, அவனைக் காப்பாற்ற இளவரசரைக் கொன்றது தான்தான் என்று பழியையும் ஏற்கத் துணிந்து, புத்தி பேதலித்து, கடைசி அத்தியாயத்தில் அவன் மடியிலேயே உயிரை விடுகிறாள். இத்தனை பெரிய ராஜ்யக் கதையைக் கல்கி பட்டாபிஷேகத்தோடு முடிக்கவில்லை, கவனியுங்கள். விளையாட்டுப் பிள்ளையாக வீராணத்து ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கன்று குதிரையில் வந்த வந்தியத்தேவன், ஒரு பெண்ணின் சாவுக்கு முன்னால் கண்ணீரோடு உட்கார்ந்திருக்கிற இடத்தில் முடிக்கிறார். படமோ போரிலே தொடங்குகிறது. கடைசியிலும் நாவலில் இல்லாத ஒரு ராஷ்டிரகூடப் போர் வருகிறது. அம்மா சொன்னதுதான் சரி. மணிமேகலை தடுப்புச் சுவர் மாதிரித் தெரிகிற தூண். அவளை எடுத்த இடத்தில் போரைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கட்டடம் நிற்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடைசி அறையில் இருந்த அமைதி போய்விட்டது.

பாத்திரங்களைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அதை யாருமே பேசுவதில்லை. கல்கியின் குரல். நம் தோளில் கை போட்டுக்கொண்டு, "வாருங்கள், போய்ப் பார்க்கலாம்" என்று கூட்டிக்கொண்டு போகிறாரே, நடுநடுவே கேலி பண்ணுகிறாரே, ஆழ்வார்க்கடியானையும் சைவரையும் தடியோடு மோதவிட்டு நம்மைச் சிரிக்க வைக்கிறாரே, அந்த மனிதர் படத்தில் இல்லை. முதல் பாகத்தின் தொடக்கத்தில் கமல்ஹாசன் குரல் வருகிறது, கம்பீரமாக இருக்கிறது, முன்கதை சொல்கிறது. ஆனால் அது கல்கி இல்லை. இதற்கு யாரைக் குறை சொல்ல? சினிமாவில் கதைசொல்லி தொணதொணவென்று பேசினால் நாமே "படத்தைப் போடுங்கப்பா" என்போம். முதல் படத்துக்குத் தேசிய விருதில் சிறந்த தமிழ்ப்படம், ஒளிப்பதிவு, பின்னணி இசை, ஒலி வடிவமைப்பு என்று நான்கு கிடைத்தன. எல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் கிடைத்த பரிசுகள். கல்கியின் அந்தக் குறும்பை மொழிபெயர்க்கக் கேமராவில் லென்ஸ் கிடையாது.

இன்னொன்று, படம் கல்கியோடு மட்டும் போட்டி போடவில்லை, ஓவியர் மணியத்தோடும் போட்டி போட்டது. முதல் தொடருக்கு அவர் வரைந்த நந்தினி, குந்தவையின் கொண்டைகள் எங்கள் பாட்டி காலத்து ஆட்களின் மனதில் பச்சை குத்தியது மாதிரி பதிந்துவிட்டன. பைண்டு செய்த புத்தகங்களில் அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஐஸ்வர்யா ராயே வந்தாலும், "நல்லாத்தான் இருக்கு, ஆனா நந்தினி இப்படி இல்லீங்க" என்றுதான் தோன்றும். நமக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளுக்கு நந்தினி என்றால் ஐஸ்வர்யா ராய்தான். அவர்கள் இனி நாவலைப் படித்தாலும் அந்த முகத்தோடுதான் படிப்பார்கள். இது நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மணியமும் ஒரு காலத்தில் யாருடைய சொந்தக் கற்பனையையோ அழித்துத்தானே உள்ளே வந்திருப்பார்!

தம்பி தங்கைகளுக்கு ஒரு விஷயம். படம் பார்த்தாச்சு, இனி புத்தகம் எதற்கு என்று போன மாதம் இங்கேயே ஒரு தம்பி கேட்டார். தம்பி, நீங்கள் பார்த்தது ஒரு சைட். கல்கியின் வரைபடத்தை இன்னும் பார்க்கவில்லை. 1999-ல் அவர் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் மலிவுப் பதிப்பு எங்கும் கிடைக்கிறது. முதல் பாகம் 'புது வெள்ளம்' மட்டும் எடுங்கள். நூறு பக்கம் தாண்டினால் நீங்கள் விட்டாலும் அது விடாது. முடித்துவிட்டுக் கடைசியில் கல்கி எழுதிய முடிவுரையையும் படியுங்கள். அந்தக் காலத்து வாசகர்கள், "இது என்ன ஆயிற்று, அவர் என்ன ஆனார்" என்று துளைத்தெடுத்திருக்கிறார்கள். பாவம், அவரே பதில் எழுத வேண்டியதாகிவிட்டது.

முடிக்கும் நேரம் வந்துவிட்டது, செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்று மட்டும். 'சிவகாமியின் சபதம்' இன்னும் திரைக்கு வரவில்லை. ஒரு நாள் யாராவது எடுப்பார்கள். அதில் புலிகேசியும் நாகநந்தி அடிகளும் உருவத்தில் ஒன்றுபோல இருப்பார்கள். அந்த ரகசியத்தைக் கேமராவிடமிருந்து எப்படி மறைப்பது என்று அந்த டைரக்டர் தலையைப் பிய்த்துக்கொள்ளப் போகிறார். அதைவிடப் பெரிய சோதனை கடைசியில் இருக்கிறது. வாதாபி எரிகிறது, சபதம் நிறைவேறுகிறது. எந்தத் தயாரிப்பாளரும் அந்த நெருப்போடு படத்தை முடிக்கத்தான் சொல்வார். ஆனால் கல்கி அங்கே முடிக்கவில்லை. காஞ்சிக்குத் திரும்பி, மாமல்லருக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் இருப்பதைக் கண்டு, ஏகாம்பரநாதரையே வரித்துக்கொண்டு சந்நிதியில் தானே தாலி கட்டிக்கொள்கிற சிவகாமி வரைக்கும் போகிறார். படம் எடுக்கிற புண்ணியவான் நெருப்போடு நிற்பாரா, சந்நிதி வரைக்கும் போவாரா? படம் வரும்போது நாம் எல்லோரும் சேர்ந்து போய்ப் பார்ப்போம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.